படர்தாமரை க்ரீம் பூஞ்சையைக் கொல்லுது, நம்மை ஏன் விட்டுடுது?



ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. மழைக்காலம். ஈரம் காயாத ஜீன்ஸ். ஒரே துண்டை மூணு பேர் மாத்தி மாத்தித் துடைக்கிறது. ரெண்டு வாரத்துல யாராவது ஒருத்தர் இடுப்போரமா வட்டமா சிவந்து அரிக்குதுன்னு ஆரம்பிப்பார். அடுத்து மெடிக்கல் ஷாப், ஒரு ட்யூப் க்ரீம். பூசினா பூஞ்சை சாகும், தோலுக்கு ஒண்ணும் ஆகாது.

இதை நாம சாதாரணமா எடுத்துக்கிறோம். உண்மையில் இது பெரிய ஆச்சரியம். பாக்டீரியாவைக் கொல்வது ஒப்பீட்டளவில் எளிது, ஏன்னா அதன் செல் அமைப்பே நம்முடையதிலிருந்து ரொம்ப தள்ளி இருக்கு. பூஞ்சை அப்படி இல்லை. அதுக்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. பரிணாம மரத்தில் செடியை விட பூஞ்சைதான் நமக்கு நெருங்கிய சொந்தம். சொந்தக்காரனுக்கு வைத்த விஷம் நம்மைத் தொடாமல் இருக்கணும்னா, ரெண்டு பேருக்கும் இடையில் ஏதாவது ஒரு வித்தியாசம் வேணும். அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் ஸ்டீரால்.

ஸ்டீரால்னா என்ன?

கொழுப்புப் பொருட்களில் ஒரு வகை. நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டி நிற்கும்: மூன்று அறுகோணம், ஒரு ஐங்கோணம். ஒரு முனையில் ஒரு ஹைட்ராக்சில் குழு, மறுமுனையில் ஒரு கார்பன் வால். ஹைட்ராக்சில் பக்கம் தண்ணீரை நோக்கி நிற்கும். வளையமும் வாலும் செல் சவ்வின் கொழுப்புக்குள் செருகிக்கொள்ளும்.

அங்கே அதுக்கு என்ன வேலை? மார்கழி மாசம் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க, கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும். சித்திரையில் அதே எண்ணெய் தண்ணியா ஓடும். செல் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான், ஆனா அது இப்படி உறையவும் கூடாது, ஓடவும் கூடாது. வளைந்து கொடுக்கணும், ஒழுகாமலும் இருக்கணும். கொழுப்பு அமில வால்கள் நெருக்கமா அடுக்கி உறையப் பார்த்தா ஸ்டீரால் நடுவில் புகுந்து தடுக்கும். அவை அதிகமா ஆடினா தன் கெட்டியான வளையத்தால் பிடித்து வைக்கும்.

ஒரே தொழிற்சாலை, வேற வேற சரக்கு

ஸ்டீரால் தயாரிப்பின் தொடக்கம் நமக்கும் பூஞ்சைக்கும் ஒன்றுதான். மூலப்பொருள் அசிட்டைல் கோஎன்சைம் ஏ, அதாவது 2 கார்பன் துண்டு. மூன்று துண்டுகள் சேர்ந்து மெவலோனேட் ஆகும். அது ஒரு கார்பனை இழந்து 5 கார்பன் அலகு ஆகும். அப்படி ஆறு அலகுகள் கோத்தால் 30 கார்பன் கொண்ட ஸ்குவாலீன். ஆக, ஒரு ஸ்குவாலீனுக்கு 18 அசிட்டைல் துண்டுகள் செலவு. இந்தப் பாதையைக் கண்டறிந்ததற்காக கொன்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்குவாலீன் நீளமான சங்கிலி. அதில் ஒரு ஆக்சிஜனை ஏற்றி, மடக்கி, வளையமாக்கணும். பாதை பிரிவது இங்கேதான். விலங்கிலும் பூஞ்சையிலும் அது லானோஸ்டீரால் ஆகும். செடிகளில் பெரும்பாலும் சைக்ளோஆர்டினால் ஆகும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தேவையில்லாத கார்பனை வெட்டி, தேவையான இடத்தில் இரட்டைப் பிணைப்பு வைத்து, சொந்த சரக்காக மாற்றிக்கொள்கிறார்கள்.

விலங்குகள்: கொலஸ்ட்ரால், 27 கார்பன்.
பூஞ்சைகள்: எர்கோஸ்டீரால், 28 கார்பன். வாலில் ஒரு மெத்தில் குழு கூடுதல், இரட்டைப் பிணைப்பு இரண்டு கூடுதல்.
செடிகள்: சிட்டோஸ்டீரால், ஸ்டிக்மாஸ்டீரால் தலா 29 கார்பன், காம்பெஸ்டீரால் 28 கார்பன்.

பார்த்தீங்களா? ஒன்றிரண்டு கார்பன், ஒன்றிரண்டு பிணைப்பு. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா நம்ம குடல் இதைக்கூட கவனிக்குது. உணவில் வரும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேரும். செடி ஸ்டீராலில் சேர்வது 5 சதவீதத்துக்கும் குறைவு. உள்ளே வந்ததையும் குடல் செல்லில் இருக்கும் இரண்டு புரதங்கள் சேர்ந்து பம்ப் மாதிரி வெளியே தள்ளிடும். பிறவியிலேயே அந்த பம்ப் பழுதானவர்களுக்கு செடி ஸ்டீரால் ரத்தத்தில் தேங்கி, இளம் வயதிலேயே இதய ரத்தக்குழாய் அடைக்கலாம்.

இதில் இன்னொரு விஷயமும் புரியும். எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிய எழுத்தில் போடுறாங்களே, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது இருப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கும். அது அந்த பிராண்டோட சாதனை இல்லை.

க்ரீம் எங்கே அடிக்குது?

இப்போ நம்ம ட்யூபுக்கு வருவோம். க்ளோட்ரிமசோல், ஃப்ளூகோனசோல் போன்ற 'அசோல்' மருந்துகள் லானோஸ்டீராலிலிருந்து ஒரு மெத்தில் குழுவை வெட்டும் நொதியை அடைக்கும். டெர்பினாஃபின் அதற்கும் முன்னாடி, ஸ்குவாலீனில் ஆக்சிஜன் ஏற்றும் நொதியை நிறுத்தும். ரெண்டிலும் முடிவு ஒன்றுதான்: எர்கோஸ்டீரால் தீர்ந்துபோகும், பாதியில் நின்ற சரக்கு குவியும், சவ்வு கெட்டுப்போகும்.

ஒரு நிமிஷம். இந்த இரண்டு நொதிகளும் நம்மகிட்டயும் இருக்கே? இருக்கு. ஆனா அமினோ அமில வரிசை கொஞ்சம் வேற. பூஞ்சை நொதியில் மருந்து கச்சிதமா உட்காரும். நம்ம நொதியில் அவ்வளவு சுலபமா உட்காராது. அதாவது மருந்துக்கு நாம் யார், பூஞ்சை யார் என்று தெரியாது. பிடிப்பின் அளவுதான் வேற.

அந்த அளவு மாறினால் விளையாட்டே மாறும். டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020ல் பெயரிடப்பட்ட படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கு. அதன் பல வகைகளில் ஸ்குவாலீன் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. டெர்பினாஃபின் சரியா உட்கார முடியலை. மருந்து வேலை செய்வதில்லை.

ஒட்டுண்ணியின் கதை: சென்னையிலிருந்து பீகார் வரை

1903ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வந்த நோயாளிகளிடம் ஒரு நுண்ணுயிரைப் பார்த்தார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மனும் இதைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரும் சேர்ந்து அதன் பெயர் லீஷ்மேனியா டோனவானி. மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நோய்க்குக் காரணம் இதுதான். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் மரணம்.

லீஷ்மேனியா பூஞ்சை இல்லை, ஒரு செல் ஒட்டுண்ணி. ஆனா அது தன் சவ்வுக்குத் தயாரிப்பது எர்கோஸ்டீரால் குடும்ப ஸ்டீரால்களை! மலேரியா ஒட்டுண்ணியோ ஸ்டீரால் தயாரிக்கவே தெரியாதது, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால மலேரியாவில் இந்த வழி கிடையாது. காலா அசாரில் உண்டு.

அந்த வழியில் வந்த மருந்து ஆம்போடெரிசின் பி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோடோசஸ் என்ற மண் பாக்டீரியா தயாரிப்பது. இது நொதியை அடைப்பதில்லை. தயாராகி நிற்கும் எர்கோஸ்டீராலையே பிடிக்கும். சவ்வில் ஓட்டை போடுகிறது என்றுதான் ரொம்ப நாள் பாடம். 2014ல் வெளிவந்த ஆய்வு, அது முக்கியமாக பஞ்சு போலக் கூடி சவ்விலிருந்து எர்கோஸ்டீராலை உறிஞ்சுகிறது என்று காட்டியது.

சிக்கல் என்ன? அது கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் பிடிக்கும். குளிர் நடுக்கம், காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு. ஒரு மெத்திலும் இரண்டு பிணைப்பும் தரும் பாதுகாப்பு அவ்வளவு மெல்லிசு. பீகாரில் பழைய ஆன்டிமனி ஊசிகள் பலனிழந்த பிறகு, நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை இதை நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒரு மாசம் ஆஸ்பத்திரி வாசம் என்றால் என்னன்னு சொல்லத் தேவையில்லை.

தீர்வும் கொழுப்பிலிருந்தே வந்தது. மருந்தை லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்பு உருண்டையில் வைத்தார்கள். உடம்பில் அந்நியப் பொருளை விழுங்குவது மேக்ரோஃபேஜ் செல்களின் வேலை. அவை இந்த உருண்டையையும் விழுங்கும். லீஷ்மேனியா ஒளிந்து வாழ்வதும் அதே மேக்ரோஃபேஜுக்குள்தான்! மருந்து நேரா எதிரி வீட்டுக்கே போய் இறங்குது, சிறுநீரகம் தப்பிக்குது.

2010ல் ஷியாம் சுந்தர் குழுவினர் பீகாரில் நடத்திய ஆய்வு வெளியானது. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு முறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானவர்கள் 95.7 சதவீதம். 15 ஊசி முறையில் 96.3 சதவீதம். கிட்டத்தட்ட சமம், ஆனா ஒரு மாசம் ஒரு நாளாகிவிட்டது.

அந்த உருண்டை எதால் ஆனது தெரியுமா? சோயாவிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய பாஸ்போலிப்பிட் ஒன்று. கூடவே மருந்தைப் பிடித்து வைக்க, நாம எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் கொலஸ்ட்ரால். செடியின் கொழுப்பும் விலங்கின் ஸ்டீராலும் கைகோத்து ஒட்டுண்ணியின் ஸ்டீராலைத் தேடிப் போகுது.

கடைசியா ஒரு வேண்டுகோள்

மெடிக்கல் ஷாப்பில் 'நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டால் சில நேரம் பூஞ்சை மருந்தோட க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டும் கலந்த ட்யூப் கைக்கு வரும். ஸ்டீராய்டுக்கும் அதே நான்கு வளையம்தான். அரிப்பு ரெண்டு நாளில் அடங்கும், ஏன்னா அது தோலின் எதிர்ப்பை அமுக்கும். காவல்காரனைத் தூங்க வைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், வட்டம் பெரிசாகும். ட்யூபின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிங்க, தோல் மருத்துவரைப் பாருங்க, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாம அவர் சொன்ன நாள் வரை பூசுங்க. துண்டைத் தனியா வெச்சுக்கோங்க!

யோசிக்க ஒரு கேள்வி: காளானை நறுக்கி வெயிலில் வைத்தால் அதில் ஒரு வைட்டமின் கூடும். எந்த வைட்டமின், எதிலிருந்து? விடை இந்தக் கட்டுரையில் பாதி இருக்கு. மீதி பாதியை உங்க உயிர்வேதியியல் புத்தகத்தில் தேடுங்க. அடுத்த இதழில் சந்திப்போம்.