இருபத்தோர் இலக்க எண்

ஒன்றின் மிக்க எண்களுள், தன்னாலும் ஒன்றாலும் அன்றிப் பிறவற்றால் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். 7, 31, 127 ஆகியன அத்தகையன. இம்மூன்றும் ஓரினத்தைச் சேர்ந்தவை. 2இன் மூன்றாம் படியாகிய 8இல் ஒன்று குறைய 7; ஐந்தாம் படியில் ஒன்று குறைய 31; ஏழாம் படியில் ஒன்று குறைய 127. படி பகா எண்ணாயின் விடையும் எப்போதும் பகா எண்ணாகுமோ எனின், ஆகாது. பதினோராம் படியில் 2047 வருகிறது. அது 23, 89 என்னும் இரண்டன் பெருக்கற்பலன்.

பிரெஞ்சு நாட்டுத் துறவியாகிய மரேன் மெர்சென் என்பார், 257 வரையுள்ள படிகளுள் எவை பகா எண்ணைத் தரும் என 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் இடம்பெற்றது. 2இன் 67ஆம் படியில் ஒன்று குறைந்தால் வருவது 147573952589676412927. இத்துணைப் பெரிய எண்ணை யார் வகுத்துப் பார்ப்பர்? இருநூறாண்டுக்கு மேல் அவர் கூற்றை மறுப்பார் இலர்.

1876இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், அது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் அதன் காரணிகளை அவர் காட்டவில்லை. காரணி காணாமலே இதனை எங்ஙனம் அறிவது என நீங்கள் ஐயுறலாம். பானையைத் தட்டிப் பார்க்கும் குயவர், ஓசையைக் கொண்டே விரிசல் உண்டு என்பார். அஃது எவ்விடத்தது என்பதை ஓசை உரைப்பதில்லை. பகா எண்ணுக்குரிய ஓர் இயல்பு இவ்வெண்ணிடம் இல்லை என்பதே லூக்கா கேட்ட ஓசை.

விரிசலைக் கண்டவர் பிராங்கு நெல்சன் கோல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியபோது, அவர் கரும்பலகையில் 2இன் 67ஆம் படியைக் கணித்து ஒன்றைக் கழித்தார். மற்றொரு பக்கத்தில் 193707721, 761838257287 என்னும் இரண்டையும் பெருக்கினார். விடைகள் ஒத்தன. ஒரு சொல்லும் உரையாது அவர் அமர, அவையோர் கைதட்டினர் என்பர். இதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று என வினவியவரிடம், ‘மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். இச்செய்தியில் கதைச்சுவை சற்றுக் கலந்திருக்கலாம், பெருக்கலிலோ கலப்பில்லை.

அவர் எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தாரல்லர். 23, 89 இரண்டையும் 22ஆல் வகுத்தால் மீதி 1 வருதலைக் காண்க. 22 என்பது படியாகிய 11இன் இருமடங்கு. அவ்வாறே இவ்வெண்ணின் பகாக் காரணி எதனையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வருதல் வேண்டும். அப்படியும் 193707721 என்பது அவ்வரிசையில் 1445580ஆவது எண்! ஆதலின் மேலும் பல சல்லடைகளில் சலித்தே அவர் அதனைக் கண்டார்.

அவர் விடையை நாமும் சோதிக்கலாம். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்ட 37; அதனை 9ஆல் வகுக்க மீதி 1. இரண்டாவதன் கூட்டுத்தொகை 64; மீதி 1. ஆகவே பெருக்கற்பலனுக்கும் மீதி 1 வருதல் வேண்டும். அதன் இலக்கங்களின் தொகை 109, மீதி 1. ஆயினும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக் கிடந்தால் இச்சோதனைக்கு அது புலப்படாது. ஆதலின் முழுப் பெருக்கலையும் ஒருமுறை தாளில் செய்து பார்த்தல் வேண்டும்.