ஸ்பைஸ் கார்டன் போத்தலை வாங்கும் முன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அக்குறணை, மாத்தளைப் பக்கம் போகிற வீதியில் ஸ்பைஸ் கார்டன்கள் நிறைய இருக்கின்றன. உள்ளே போனால் ஒருவர் சாதிக்காயைப் பறித்து இரண்டாகப் பிளந்து காட்டுவார். வெளியே மஞ்சள் சதை, உள்ளே மினுங்கும் கறுத்தக் கொட்டை, அதைச் சுற்றி வலை பின்னியதுபோலச் சிவந்த சாதிபத்திரி. பார்க்க அவ்வளவு அழகு. கறுவா, கராம்பு, ஏலம், மிளகு என்று எல்லாம் காட்டி முடிந்ததும் கடைப் பக்கம் கூட்டிப் போவார்கள். அங்கேதான் குரலைத் தாழ்த்தி ஒரு போத்தலை எடுத்து நீட்டுவார்கள். “இது ஆம்பிளைகளுக்கு. உடம்புப் பலத்துக்கும் நல்லது, மற்றதுக்கும் நல்லது.”

புதிதாகக் கல்யாணம் முடித்த சோடிகள் வாங்குகிறார்கள். ஜிம்முக்குப் போகிற தம்பிமார் வாங்குகிறார்கள். நாற்பது தாண்டிய அண்ணன்மார் யாருக்கும் தெரியாமல் வாங்குகிறார்கள். விஷயம் அப்படிப்பட்டது என்பதால் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை. அரிசி வாங்கும்போதுகூட இரண்டு கேள்வி கேட்கிற நாங்கள், உடம்புக்குள் போகிற இதற்கு வாயைத் திறப்பதில்லை. அக்கா சொல்கிறேன், கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று லேபலில் போட்டிருந்தால், அந்த ஆராய்ச்சி எலிக்கு நடந்ததா, மனுசருக்கு நடந்ததா?

நம் நாட்டிலேயே இந்தத் துறையில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ.டி. ரத்னசூரியவும் அவரோடு வேலை செய்தவர்களும் கிராமத்து வைத்தியத்தில் சொல்லப்படுகிற பல பொருட்களை எடுத்து எலிகளில் சோதித்தார்கள். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் பிளேன் டீயைப் பற்றியது. வயதான ஆண்களுக்குச் சாயத் தண்ணீர் வீரியம் தரும் என்று இலங்கையில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அதைப் பரீட்சிக்க மலைநாட்டு டஸ்ட் தேயிலையையே எடுத்தார்கள். கறுப்புத் தேநீர் குடித்த ஆண் எலிகளின் பாலுறவு நடத்தையில் நல்ல மாற்றமும், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலும் தெரிந்தன. 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட மண்ணில் இருக்கும் நமக்கு இது கேட்கச் சந்தோஷமான செய்திதான். ஆனாலும் அது எலி. காலையில் ஒரு கோப்பை பிளேன் டீ குடியுங்கள், நல்லது. அதை மருந்தாக நினைத்து ஒன்பது கோப்பை குடித்தால் இரவுத் தூக்கம்தான் போகும்.

இன்னொரு ஆய்வை நான் எல்லாருக்கும் சொல்வேன். சிங்களவர் கொட்டம்பா என்று சொல்கிற நாட்டு வாதுமை விதையை ரத்னசூரியவும் தர்மசிறியும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் அது வெளியானது. எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தபோது எலிகளின் வீரியம் கூடியது. அதையே 3000 ஆக்கியதும் எல்லாம் தலைகீழ். இருந்த ஆர்வமும் போய்விட்டது. மருந்தை நிறுத்தியபின்தான் திரும்பியது. “ஒரு கரண்டி நல்லதென்றால் இரண்டு கரண்டி இன்னும் நல்லது” என்று நினைத்துக் குடிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாதிக்காய் விஷயமும் அப்படித்தான். அலிகார் பல்கலைக்கழகத்தில் 2003இல் சாதிக்காய்ச் சாற்றையும் கராம்புச் சாற்றையும் ஆண் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இரண்டுமே தூண்டுகின்றன என்று எழுதினார்கள். உடனே பாலில் சாதிக்காயை உரசிக் குடிக்கிற யோசனை வீட்டுக்கு வீடு பரவுகிறது. ஒரு சிட்டிகை போட்டால் மணமாக இருக்கும், பயமில்லை. ஆனால் ஒரு முழுச் சாதிக்காய் 5 கிராமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும், அந்த 5 கிராமே நஞ்சாகக்கூடிய அளவு. அதில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற பொருளால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், வாய் வறளும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிமார் மருந்தளவில் சாதிக்காயைத் தொடவே வேண்டாம். கராம்பு எண்ணெயை உடம்பின் மெல்லிய இடங்களில் பூசச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். தோல் வெந்துவிடும்.

சரி, மனுசரில் பார்த்த மூலிகை எது? இன்றைக்கு முன்னால் நிற்பது அமுக்கரா, கடையில் அஷ்வகந்தா என்ற பெயரில் வருவது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. இந்தியாவில் 2013இல் விந்தணு குறைந்த 46 ஆண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 675 மில்லிகிராம் வேர்ச் சாறும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் 90 நாள் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை 167 வீதம் கூடியது. 2015இல் 50 பெண்களில் நடந்த எட்டு வார ஆய்விலும் பாலுறவு திருப்தி கூடியதாக வந்தது. பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு என்று யோசித்து ஆய்வு செய்தார்களே என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜிம்முக்குப் போகும் தம்பிமார் காட்டுவதும் 2015ஆம் ஆண்டு ஆய்வுதான். 57 இளம் ஆண்கள், எட்டு வாரம், காலையும் மாலையும் 300 மில்லிகிராம், கூடவே எடை தூக்கும் பயிற்சி. அமுக்கரா எடுத்தவர்கள் பெஞ்ச் பிரெஸ்ஸில் சராசரியாக 46 கிலோ கூடுதலாகத் தூக்கினார்கள் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதே ஆய்வில் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 26 கிலோ ஏறியிருக்கிறது என்பதைப் போடமாட்டார்கள். தம்பி, அந்த 26 கிலோ பயிற்சியால் வந்தது. அது முழுக்க இலவசம்.

இந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை, குறுகிய காலத்தவை. பலவற்றுக்குச் சாறு தயாரிக்கிற நிறுவனமே பொருளைக் கொடுத்திருக்கிறது. அதனால் பொய் என்று சொல்லவில்லை, இன்னும் பெரிய ஆய்வு வேண்டும் என்கிறேன். மறுபக்கத்தையும் பாருங்கள். அஷ்வகந்தா எடுத்தபின் மஞ்சட்காமாலையோடு வந்த ஐந்து பேரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க வைத்தியர்கள் 2020இல் எழுதினார்கள். டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. தைரோயிட் மருந்து எடுப்பவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எடுக்கவே வேண்டாம். எடுத்தே தீருவேன் என்கிறவர்கள் வேரா, இலையா, எத்தனை மில்லிகிராம் என்று லேபலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

நெருஞ்சிலையும் இதே கூடையில் போட்டு விற்கிறார்கள். சிறுநீர்க் கோளாறுக்கு நம் பாட்டிமார் நெருஞ்சில் கசாயம் வைத்தது உண்மை. ஆனால் தசை வளரும் என்பதற்கு 2007இல் அவுஸ்திரேலிய ரக்பி வீரர்கள் 22 பேரில் ஐந்து வாரம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. நித்தவெலையில் ரக்பி விளையாடுகிற பிள்ளைகளின் அம்மாமார் இந்த மாத்திரைக்குக் காசைக் கொட்டாமல், அதற்கு முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள்.

இனி உண்மையாகவே பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

“வெறும் மூலிகை, பக்கவிளைவு இல்லை” என்ற கெப்சூல் ஒரு மணித்தியாலத்திலேயே வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு அவசரமாக வேலை செய்யாது. அமெரிக்க அதிகாரிகள் 2007 முதல் 2016 வரை கலப்படம் கண்டுபிடித்த 776 உணவுத் துணைப்பொருட்களில் 353 பாலியல் பலத்துக்கென்று விற்கப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலும் ஒளித்து வைத்திருந்தது சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எடுக்கும் ஒருவர் தெரியாமல் இதையும் விழுங்கினால் பிரஷர் சட்டென்று விழுந்து உயிரே போகலாம்.

சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி படுபாதாளத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஏழு பேர் நினைவில்லாமல் கிடந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் எடுத்த வீரிய மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. மூலிகை என்று சொல்லி விற்ற மூன்று பொருட்களும் அவற்றில் இருந்தன.

நம் ஊரில் இருக்கிற இன்னொரு ஆபத்து மதன மோதகம். ஆயுர்வேதத்தில் பெயர் உள்ள உருண்டைதான், ஆனால் அதில் கஞ்சா சேர்கிறது. பாடசாலைகளுக்குப் பக்கத்தில் அதை விற்றவர்களைப் பொலிஸார் பிடித்த செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். வீரியத்துக்கென்று வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டென்மார்க்கில் 1,215 இளைஞர்களைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு விந்தணுச் செறிவு 28 வீதம் குறைவாக இருந்தது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. போட்டிக் காலத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள். ‘எனக்குத் தெரியாது’ என்றால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் எடுபடாது.

ஆயுர்வேதத்தை நான் குறை சொல்லவில்லை. நம்பிக்கை இருந்தால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரிடம் போங்கள், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், அவர் நாடி பிடித்துப் பார்த்துத் தருவதை எடுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் எடுக்கும் மாத்திரைகளின் பெயரையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாத்தாவாரி இலைக்கஞ்சி, முருங்கையிலை, எள்ளு என்று சாப்பாடாகச் சேர்ப்பவற்றில் பயம் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆண் குறி விறைப்பதில் கஷ்டம் வருகிறதென்றால், அது பல நேரம் இரத்தக் குழாய் சொல்லும் முதல் செய்தி. குறிக்குப் போகும் குழாய் இருதயக் குழாயைவிட மெல்லியது, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரிகிறது. இத்தாலியில் நெஞ்சுவலியோடு வந்த 300 ஆண்களை ஆராய்ந்தபோது, இந்தப் பிரச்சினையும் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அது நெஞ்சுவலிக்குச் சராசரியாக மூன்று வருடம் முன்னாலேயே தொடங்கியிருந்தது. போத்தல் வாங்கி அந்த மூன்று வருடத்தைக் கழித்தால் யாருக்கு நட்டம்? நீரிழிவு, கூடிய பிரஷர், சிகரெட், குடி, மனக்கவலை, சில மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கசாயமும் கைகொடுக்காது.

பிள்ளை தங்கவில்லை என்று தங்கச்சியை மட்டும் கோயில் கோயிலாகவும் வைத்தியர் வைத்தியராகவும் கூட்டிக்கொண்டு போகிற வீடுகளுக்கும் இதே பேச்சுத்தான். ஒரு வருடம் பார்த்தும் தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள், ஆணுக்கு விந்துப் பரிசோதனையை முதலிலேயே செய்யுங்கள். அது செலவு குறைந்த, வலியில்லாத பரிசோதனை. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் எந்த வைத்தியமானாலும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பத்து நாளில் பலன் என்கிறவரை நம்பாதீர்கள்.

செலவில்லாத ஒரு மருந்தைச் சொல்கிறேன். நாற்பது நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான உடற்பயிற்சி, கிழமைக்கு நான்கு நாள், ஆறு மாதம். பத்து ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2018இல் வந்த கணக்கு இது, விறைப்புப் பிரச்சினை குறைகிறது. கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வேகமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு அந்த நாற்பது நிமிடம் சரியாக இருக்கும். வாகனப் புகை ஏறும் முன் காலையிலேயே போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் ஏழு மணித்தியாலமாவது தூங்குங்கள். பத்து இளைஞர்களை ஒரு கிழமை ஐந்து மணித்தியாலம் மட்டுமே தூங்க வைத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் இறங்கியது.

35 வயது தாண்டிய அண்ணனோ தம்பியோ கணவரோ வீட்டில் இருந்தால் இந்தக் கிழமையே அரச வைத்தியசாலையில் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்கு அனுப்புங்கள். சீனியும் பிரஷரும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். காலையில் சாப்பிடாமல் போகச் சொல்லுங்கள். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் போத்தலையும் கையோடு கொண்டு போய் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.