ஸ்காலர்ஷிப்புக்கு மார்க் மட்டும் போதாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே கட்-ஆஃப் கணக்கைப் போட்டுவிடுகிறோம். ஃபீஸ் கணக்கு கவுன்சிலிங் முடிந்த பிறகு. ஸ்காலர்ஷிப் ஞாபகம் வருவது அதற்கும் பிறகு, கடைசித் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்போது. தகுதியுள்ள பலர் இப்படித்தான் தாங்களாகவே போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறார்கள். நீங்கள் விலகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. முதலில் லிஸ்ட். கண்ணில் படுவதற்கெல்லாம் அப்ளை செய்யாதீர்கள். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எழுதுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டெக்னிக்கல் டிகிரியோ டிப்ளமோவோ முதலாண்டு சேரும் பெண்ணுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டாவிட்டால், பிரகதி: ஆண்டுக்கு 50,000. பிளஸ் டூவில் தங்கள் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியலில் சேர்பவர்களுக்கு இன்ஸ்பயர்: ஆண்டுக்கு 80,000, அதில் 20,000 கோடை விடுமுறை ஆய்வுக்கு. 'வெறும் பி.எஸ்சி.தானா?' என்று இழுக்கும் உறவினரிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். தனியாரில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன், முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் வைத்து, டிகிரி முடியும்வரை மொத்தம் 2 லட்சம் வரை தருகிறது.

வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரியா? அதற்கான சான்றிதழைக் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். டியூஷன் ஃபீஸ் சலுகை கவுன்சிலிங் மூலம் வரும் சீட்டுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றிதழை நீட்டினால் பலன் இல்லை.

2. பெயரைச் சரிசெய்யுங்கள். நம் ஊர் விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இனிஷியலில்தான். மார்க் ஷீட்டில் 'கவிதா எம்', ஆதாரில் 'எம். கவிதா', பாஸ்புக்கில் 'கவிதா முருகன்'. வாத்தியாருக்கு ஒரே கவிதா. சிஸ்டத்துக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்த அலைவதைவிட இது சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். ஆகவே ஸ்பெல்லிங், இடைவெளி, புள்ளி எல்லாவற்றையும் பார்த்து ஒரே தடவையில் முடியுங்கள்.

3. பாங்க் கணக்கு. 'ஆதார் லிங்க் பண்ணியாச்சு' என்று பாங்கில் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். கேஒய்சிக்கு ஆதார் கொடுப்பது வேறு, என்பிசிஐயில் உங்கள் ஆதாரோடு அந்தக் கணக்கு இணைவது, அதாவது சீடிங் ஆவது, வேறு. அரசுப் பணம் நேரடியாக வருவது சீடிங் ஆன கணக்குக்குத்தான், அதுவும் கடைசியாக சீடிங் ஆன கணக்குக்கு. கல்லூரி வாசலில் ஸ்டால் போட்டு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கித் தருகிறார்களே, அங்கே படிக்காமல் டிக் அடித்தால் உங்கள் பணம் அந்தக் கணக்குக்குப் போகக்கூடும். மை ஆதார் தளத்தில் பாங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

4. வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் ஆபீஸ் என்று நகரும். ஜூனில் ஊரே அந்த வரிசையில் நிற்கும். நீங்கள் மே மாதமே முடியுங்கள். பழைய சான்றிதழை அப்லோடு செய்யாதீர்கள். உச்சவரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும்: எஸ்சி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் 2.5 லட்சம், பிரகதியில் 8 லட்சம். வருமானத்தைக் குறைத்துக் காட்டுங்கள் என்று யோசனை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். மாட்டினால் திருப்பிக் கட்டப் போவது நீங்கள், அவர் இல்லை.

5. சப்மிட் அழுத்தியதும் வேலை முடிந்துவிடாது. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் உங்கள் விண்ணப்பத்தை முதலில் கல்லூரி சரிபார்க்க வேண்டும், பிறகு மேல்மட்டம். கல்லூரி தன் கடைசித் தேதியைத் தவறவிட்டால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எனவே பிரிண்ட்-அவுட், சான்றிதழ் நகல்களை ஒரு ஃபைலில் போட்டு ஸ்காலர்ஷிப் செக்‌ஷனுக்கு நேரில் போங்கள். அங்கே இருக்கும் ஒரே ஆள் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்க்கிறார். முகம் தெரிந்த, ஃபைல் சுத்தமாக உள்ள மாணவரின் வேலை முன்னால் முடியும். இது நியாயமா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். 'டிஃபெக்ட்' என்று வந்தால் நிராகரிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். திருத்தி மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

6. கட்டுரை. தனியார் அறக்கட்டளைகளில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். 'நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், சிறுவயது முதலே படிப்பில் ஆர்வம்' என்ற வரியை எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாத வருமானம் 14,000, அதில் வாடகை 4,500. என் செமஸ்டர் ஃபீஸ் 27,000. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்கு டியூஷன் எடுத்து பஸ் செலவைச் சமாளிக்கிறேன்.' அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவர், கையைக் கட்டிக்கொண்டு உட்காராதவர் என்பது புரிந்துவிடுகிறது. அடுத்த பத்தியில் இந்தப் பணம் எந்தச் செலவுக்குப் போகும், அதனால் மிச்சமாகும் நேரத்தில் என்ன கற்றுக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். சாட்ஜிபிடியிடம் இலக்கணம் திருத்தக் கொடுங்கள்; வாழ்க்கையை எழுதக் கொடுக்காதீர்கள்.

7. சிபாரிசுக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் இரண்டு வாரம் முன்னதாகக் கேளுங்கள். உங்கள் மார்க், ப்ராஜெக்ட், அவர் வகுப்பில் நீங்கள் செய்த ஒரு வேலை இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

8. இன்டர்வியூவில் 'இந்த உதவி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?' என்று கேட்கலாம். 'படிப்பை நிறுத்திவிடுவேன்' என்பது உருக்கமான பதில், ஆனால் தவறான பதில். கல்விக் கடன், பகுதிநேர வேலை என்று மாற்றுத் திட்டம் வைத்திருப்பவர் மீதுதான் பணம் போடத் தோன்றும்.

9. இரண்டு ஸ்காலர்ஷிப் ஒன்றாக வாங்கலாமா? திட்டத்தின் விதியைப் படியுங்கள். பல திட்டங்கள் அனுமதிப்பதில்லை. அப்படியானால் முதலாண்டுத் தொகையைப் பார்க்காமல் டிகிரி முடியும்வரை மொத்தம் எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்த்து எடுங்கள்.

'ப்ராசஸிங் ஃபீஸ் 500 கட்டினால் ஸ்காலர்ஷிப் உறுதி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பிளாக் செய்யுங்கள். ஓடிபியைக் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

கிடைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது: ரின்யூவல். அடுத்த ஆண்டுக்கான தொகை பல திட்டங்களில் தானாக வராது. நீங்கள்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அரியர் வைத்தாலோ அட்டெண்டன்ஸ் குறைந்தாலோ பணம் நின்றுபோகும் திட்டங்களும் உண்டு. போர்ட்டல் திறக்கும் மாதத்தை இப்போதே ஃபோன் காலண்டரில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள்.