ஊசி புதுசு... பேனா யாருடையது?

கொட்டிவாக்கத்தில் என்னிடம் வரும் நீரிழிவுக்காரர்களில் பலர் வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபிளாட்டுகளில் ஒரே மிஷின் மாமனாருக்கு, மாமியாருக்கு, சமயத்தில் எதிர்வீட்டு மாமிக்கும் சுற்றி வருகிறது. கேட்டால், "ஒவ்வொரு தடவையும் புது ஊசிதானே டாக்டர் போடறோம்?" என்பார்கள்.

ஊசி புதுசுதான். அதைப் பொருத்தும் பேனா? அதன் முனைதானே விரலில் அழுந்துகிறது! அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டினாலும் ஹெபடைடிஸ் பி கிருமி பரவ அது போதும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. உடம்பில் கிருமி இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்பிரிங் வைத்த இந்தக் கருவியால் நோயாளிகளுக்குள் ஹெபடைடிஸ் பி பரவிய செய்தி 1990-லேயே வந்தது. அப்படியும் 2010-ல் வட கரோலினாவின் ஒரு முதியோர் இல்லத்தில் பேனாவைப் பலருக்கும் பொதுவாக வைத்துக் குத்தியிருக்கிறார்கள். 8 பேருக்கு நோய் தொற்றியது. 6 பேர் இறந்துபோனார்கள். நம் நாட்டிலும் 2009-ல் குஜராத்தின் மொடாசாவில், போட்ட சிரிஞ்சையே திரும்பப் போட்டதால் இதே காமாலை பரவி எத்தனையோ உயிர்கள் போயின. கருவி வேறு, பரவும் வழி ஒன்றுதான்: ரத்தம்.

"கீழாநெல்லி இருக்கே வைத்தியரே!" என்று என்னிடமே சொல்கிறவர்கள் உண்டு. கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கிருமி மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஆனால் பிறகு மற்றவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிப் பேனாவைக் கைமாற்றாதீர்கள்.

பல் துலக்கும் பிரஷ் மாதிரி, பேனா ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவிக்குள்ளும் அப்படியே. பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். மீட்டரும் தனித்தனியாக இருந்தால் உத்தமம். முடியாவிட்டால் அதனுடன் வரும் குறிப்பில் சொல்லியிருக்கும் கிருமிநாசினியால் ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

இலவச முகாம்களில் விரல் நீட்டுமுன் கவனியுங்கள். ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் லான்செட்தானா? கையுறையை மாற்றினார்களா? இல்லையென்றால் கூச்சப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இதுவரை பேனாவைப் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி இல்லை என்று தெரிந்தால், தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக 3 ஊசிகள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சி-க்குத் தடுப்பூசி கிடையாது.