ஆறில்லாத தலைநகரின் சேமிப்பு

மதுரைக்கு வைகை, உறையூருக்குக் காவிரி எனப் பழந்தலைநகரங்கள் பல ஆற்றங்கரையில் எழுந்தவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநில முகட்டில் அமைந்த பெங்களூருக்கோ பேராறு ஏதுமில்லை. இங்குப் பெய்யும் மழை ஒருபுறம் அர்க்காவதி வழியாகக் காவிரிக்கும், மறுபுறம் தென்பெண்ணைக்கும் இறங்கிவிடுகிறது. அவ்வாறாயின் இந்நகரம் நிலைத்தது எவ்வாறு?

இவ்வூர்ப் பெயர் மிகப் பழமையானது. பேகூர்க் கோயிலில் உள்ள, சுமார் கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல் 'பெங்களூர்ப் போர்' ஒன்றைக் குறிப்பிடுகிறது. விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட சிற்றரசர் கெம்பே கௌடர் 1537-இல் இங்கு மண்கோட்டையும் வணிகப் பேட்டைகளும் அமைத்தார். அத்துடன் ஏரிகளையும் வெட்டுவித்தார். கெம்பாம்புதி, தர்மாம்புதி என்பன அவற்றுட் சில. 'அம்புதி' என்றால் கடல்!

பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பி மழைநீரைத் தேக்குவதே முறை. மேல் ஏரி நிரம்பினால், உபரிநீர் கலங்கு வழியாக வழிந்து, கால்வாயில் ஓடிக் கீழ் ஏரியை நிரப்பும். தேங்கிய நீர் நிலத்துள் இறங்கிக் கிணறுகளில் ஊறும்.

ஆட்சிகள் மாறின. 1638-இல் பீஜப்பூர்ப் படை நகரைக் கைப்பற்ற, அது ஷாஜியின் ஜாகீர் ஆயிற்று. பின்னர் தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய வெங்கோஜி அவருடைய மைந்தரே. 1687-இல் முகலாயர் வசமான நகரை, மைசூரின் சிக்கதேவராய உடையார் 3 லட்சம் ரூபாய்க்குப் பெற்றார். 1831-இல் ஆங்கிலேயர் மைசூர் நாட்டின் நிர்வாகத் தலைமையிடத்தை இங்கு மாற்றினர். இத்தனை மாற்றங்களிலும் ஏரிகள் ஊரைக் காத்தன.

1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. அதன்பின் ஏரி, நீராகத் தோன்றாமல் நிலமாகத் தோன்றலாயிற்று. தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடா பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. 1974 முதல் காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு வருகிறது. அதற்கு மின்செலவு மிகுதி. 2024 கோடையிலோ ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன.

வரவு உள்ள நாளில் சேமித்து, இல்லாத நாளில் எடுத்தாள்வது நாம் நன்கறிந்த கணக்கு. கெம்பே கௌடர் மழைக்கு எழுதிய கணக்கும் அதுவே. எஞ்சிய ஏரிகளைக் காப்பதும், கூரையில் விழும் மழையைத் தொட்டியிலோ நிலத்திலோ சேர்ப்பதும் அக்கணக்கை முடித்துவிடாமல் தொடரும் வழிகளாகும்.