பாடம் 7: பழைய சின்னக் கார் – வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

முகாமிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பங்கள் எங்கள் உத்தியோகத்தர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கையில இருக்கிற காசுக்கு ஒரு பழைய மாருதி எடுக்கலாமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே சில தோட்டங்களில் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். இரவில் பிரசவ வலி வந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போக வாகனம் தேடி அலைய வேண்டும். மரக்கறி பயிரிடுபவருக்கு விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரு வண்டி தேவை.

ஆனால் இழப்பீட்டுக் காசையும் நகை அடகு வைத்த காசையும் சேர்த்து வாங்கிய கார், ஆறு மாதத்தில் லயத்து வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்பதும் உண்டு. காரும் ஓடாது, கையில் காசும் இராது. அப்படி நடக்காமலிருக்க இந்தப் பாடம் சொல்வது ஒன்றுதான்: காரின் விலை முதல் செலவு மட்டுமே. மலையில் கார் நிலைப்பது அதன் தண்ணீரையும் பிரேக்கையும் கிளட்சையும் தவறாமல் கவனிப்பதில்தான் இருக்கிறது. அந்தக் கவனிப்புக்குக் காசு ஒதுக்க முடியாவிட்டால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

1. ஏன் சின்னக் கார்?

மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. 796 சி.சி. கொள்ளளவு, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சில்லு. அதே கொள்ளளவுள்ள இந்திய ஆல்ட்டோவும் நம் நாட்டில் நிறைய ஓடுகிறது. இவற்றின் என்ஜின் எளிமையானது, மலையகத்து மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. உள்ளூர்க் கடையில் கிடைக்காத பாகத்தைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கலாம். பழுது வருமா என்பதை மட்டும் பார்த்து கார் தெரிவு செய்யாதீர்கள். பழுது வந்தால் நம் ஊரிலேயே திருத்த முடியுமா என்பதையும் பாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை மிகவும் ஏறியது. அதனால் விலை அதிகம் என்பதற்காக ஒரு கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

2. காசை முதலில் பிரியுங்கள்

கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். ஏழு பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு பங்கு பெயர் மாற்றம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கு. மிச்சமுள்ள இரண்டு பங்கு, வாங்கிய முதல் மாதத்தில் செய்யவேண்டிய வேலைகளுக்கு. பழைய காரில் அந்த வேலை இல்லாமல் இராது.

3. பார்க்கப் போகும்போது

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நாங்க வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க." என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை தெரியும். போய்ச் சேர்ந்ததும் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

தண்ணீர்: குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர் துரு நிறமாக இருந்தால் பராமரிப்பு இல்லை என்று அர்த்தம். எண்ணெய் மிதந்தாலோ, ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் பசை இருந்தாலோ, ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கிளட்ச்: சமதரையில் நிறுத்தி, முன்னால் ஆட்கள் இல்லையென்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஏற்றம்: நகரத்தைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது போதாது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை ஏறுவது போல, இருபது நிமிடமாவது ஏற்றத்தில் ஓட்டுங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டக்கூடாது. மேலே போய் நிறுத்தி என்ஜினை ஓடவிடுங்கள். சிறிது நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல வேண்டும்.

டயர்: டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயர் ஈரமான வளைவில் பிடிக்காது.

வெள்ளம்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மகாவலி, களனி ஆறுகள் பெருகியபோது ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. கழுவித் துடைத்து விற்கப்படும் வண்டி உங்களிடமும் வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? கால் விரிப்பைத் தூக்குங்கள்; ஈரமோ புழுக்க வாசனையோ உண்டா? இருக்கைகளைப் பூட்டிய போல்ட்டுகள் துருப்பிடித்துள்ளனவா? பியூஸ் பெட்டிக்குள் மண் படிந்துள்ளதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் வயர் பழுதுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

4. கடதாசிகள்

பதிவுச் சான்றிதழை, அதாவது சி.ஆர். புத்தகத்தை, மூலப்பிரதியாகவே பாருங்கள். அதிலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. விற்பவர் தவணை கட்டாமல் விட்டால் கம்பனி உங்கள் வாசலுக்கே வந்து காரைத் தூக்கிப் போகலாம். கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகே காசு கொடுங்கள்.

"ஓபன் பேப்பர்" என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வாங்கி, பெயரை மாற்றாமல் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள். சட்டப்படி கார் உங்களுடையது என்பதை அந்தப் படிவம் காட்டாது. வாங்கியவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை. காசுக்கு ஆள் ஏற்ற நினைத்தால் அதைக் காப்புறுதிக் கம்பனியிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கான காப்புறுதியில் வாடகை ஓட்டம் ஓடி விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

5. மலையில் கார் ஏன் கொதிக்கிறது?

நுவரெலியாவில் பருப்பு அவிய நேரம் எடுக்கும் என்பது எல்லா அம்மாமாருக்கும் தெரியும். நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காரின் தண்ணீருக்கும் இதே கதைதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீர் கொதிக்காமல் வைத்திருக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறும்போது கார் கொதித்துவிடும். அப்படியே ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும். மூடி ஒரு சின்னச் செலவு; ஹெட் வேலை பல மாதச் சம்பளத்தை விழுங்கும்.

எனவே வாங்கியவுடன் மூடியையும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். ஓடைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது உள்ளே துருவையும் படிவையும் உண்டாக்கும். கூலன்ட் ஊற்றுங்கள். வழியில் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

6. இறக்கத்தில் உயிர் பிரேக்கில்

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். எங்கள் வீதிகளின் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை அந்த இரவு மறக்க முடியாதபடி காட்டியது.

இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருளவிடாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பனியும் மழையும் உள்ள இடத்தில் இது முக்கியம். ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்து, மிதி தரை வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் பிடித்தாலும் சரிவில் நிறுத்தும்போது சில்லுக்குக் கல் வையுங்கள்.

7. வாங்கிய முதல் மாதமும் பிறகும்

முதல் மாதத்தில்: என்ஜின் ஒயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஒயில் ஆகியவற்றை மாற்றுங்கள். பிரேக் ஷூவையும் பேடையும் கழற்றிப் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாவிட்டால் அதையும் மாற்றுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும்.

பிறகு: ஒயிலை 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் காரின் அடிப்பகுதியைக் கழுவி, துரு வந்த இடத்தைச் சுரண்டிப் பூச்சுப் பூசுங்கள்.

ஞாயிறு காலை பத்து நிமிடம்: கூலன்ட், ஒயில், பிரேக் ஒயில் மட்டங்கள், டயர் காற்று, முன் பின் விளக்குகள், வைப்பர். வண்டி நின்ற இடத்தில் தரையில் புதிய கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, செலவு ஆகியவற்றை எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் காரை விற்கும்போது அந்தக் கொப்பிக்கும் மதிப்பு இருக்கும்.

8. மழை எச்சரிக்கை வந்தால்

மண்வெட்டிய சரிவுக்குக் கீழே காரை நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் பெற்றோல் பாதித் தாங்கிக்குக் குறையாமல், வண்டியின் முகம் வீதியைப் பார்த்தபடி நிற்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்து வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். பாதை அடைபட்டிருந்தால் காரை விட்டுவிட்டு நடந்து போங்கள். வண்டியை எடுக்க யாரும் திரும்பிப் போகக்கூடாது.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

1. போன மாதம் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் எவ்வளவு செலவானது? எழுதுங்கள்.
2. பெற்றோல், காப்புறுதி, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? இரண்டையும் ஒப்பிடுங்கள்.
3. தனியாக முடியாவிட்டால், ஒரே லயத்தில் நம்பிக்கையான இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்க முடியுமா? யார் பெயரில் பதிவு, யார் எந்தச் செலவு என்பதை வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்.
4. வீட்டில் வண்டி ஓட்டாதவர்களும் வெப்பமானி முள்ளைப் பார்க்கப் பழகட்டும். ஓட்டுபவர் வீதியைக் கவனிக்கும்போது அருகில் இருப்பவர் முள்ளைக் கவனிக்கலாம்.