நீங்கள் நிற்பது எந்த டைரக்டரி?

முதலியார்பேட்டையில் உள்ள என் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில், ஹோம் டைரக்டரிக்குள் 'படங்கள்' என்றொரு டைரக்டரி இருந்தது. இரண்டாவது டிஸ்க்கில் உள்ள போட்டோக்களின் நகல் என்று நினைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். அசலே போய்விட்டது! அது நகல் அல்ல, எப்போதோ நானே உருவாக்கிய சிம்பாலிக் லிங்க்.

2006-இல் பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி ஆனது. பழைய பெயரை எழுதினாலும் கடிதம் இதே ஊருக்குத்தான் வரும். சிம்பாலிக் லிங்க்கும் அப்படித்தான். பெயர் இரண்டு, இடம் ஒன்று.

பாஷ் ஷெல்லில் 'பிடபிள்யூடி' என்று மட்டும் கட்டளை கொடுத்தால், நீங்கள் நுழைந்த லிங்க்கின் பெயரையே காட்டும். உண்மையான பாதை வேண்டுமா? அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியையும் பெரிய எழுத்து 'பி'யையும் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். லிங்க்குக்குள் நுழையாமலே அறிய, 'ரீட்லிங்க்' கட்டளையுடன் மைனஸ் குறி, சிறிய எழுத்து 'எஃப்', பிறகு லிங்க்கின் பெயர் கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லிங்க் வழியே நுழைந்தபின் 'சிடி'யுடன் இரண்டு புள்ளிகள் கொடுத்தால், லிங்க் இருக்கும் டைரக்டரிக்குத் திரும்புவீர்கள். 'எல்எஸ்' உடன் அதே இரண்டு புள்ளிகளைக் கொடுத்தாலோ, உண்மையான பாதையின் மேல் டைரக்டரியைப் பட்டியலிடும்.

எதையும் அழிக்கும் முன் உண்மையான பாதையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.